நான் பார்க்காத மூன்றாவது சண்டை

அன்புள்ள வாண்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். மூன்றாவது ஆள் யார் என்று யோசிக்காதே, என் இடது காலில் இருக்கும் மாவுக்கட்டுதான், வீட்டில் இப்போது அதற்குத்தான் தனி நாற்காலி, தனித் தலையணை, குளிக்கப் போனால் தனி உறை. நீயும் அங்கே காய்ச்சல் சளி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லையென்றாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லுவாய், அந்தப் பழக்கம் என்னிடமிருந்து வந்தது. முப்பத்தொரு வயதுப் பெண்ணை வாண்டு என்று கூப்பிடுவதை எப்போதுதான் விடப் போறீங்க என்று உன் அம்மா பக்கத்தில் நின்று கேட்கிறாள், நீ எழுதி ஆட்சேபித்தால் விட்டுவிடுகிறேன்.

கால் உடைந்த கதையைப் போனில் பாதிதான் சொன்னேன். பட்டறையில் வழுக்கி விழுந்தேன் என்றேன், எதன் மேல் வழுக்கினேன் என்று சொல்லவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துத் தள்ளிக்கொண்டு போவோமே, சக்கரம் வைத்த பலகை, அதன் மேல்தான் காலை வைத்தேன். அதை நடுவழியில் போடாதே என்று முப்பத்தைந்து வருஷமாக வருகிறவன் போகிறவனையெல்லாம் திட்டியவன் நான், அன்றைக்கு நடுவழியில் போட்டவனும் நானே. நான் கையில் டீ டம்ளரோடு, ஒற்றைக் காலில் நின்றபடி, பட்டறையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மகாராஜா மாதிரி போனேனாம், சுவர் வரும்வரை ஒரு சொட்டு டீ சிந்தவில்லையாம். உன் பெயிண்டர் மாமா இதை வண்டி விட வருகிற ஒவ்வொருவருக்கும் நடித்துக் காட்டுகிறான், நேற்று ஒரு அம்மாளுக்குப் பிடித்துப்போய் மறுபடியும் நடிக்கச் சொன்னாளாம். கட்டுப் பிரிக்க இன்னும் பதினெட்டு நாள். உன் தம்பி, தான் வாங்கிய பழைய காரைக் காட்ட வந்தான், நான் நாற்காலியில் இருந்தபடியே சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு இடது பக்கக் கதவு வேறு வண்டியுடையது என்றேன், பாவம் அவன் முகம் தொங்கிப்போனது. நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லிட்டு அப்புறம் குறை சொன்னா என்ன என்று உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். நியாயமான கேள்வி. போகும்போது என் பொழுது போகட்டும் என்று உன் அறையில் இருந்த கேம் பெட்டியை ஹாலில் டிவியோடு மாட்டிவிட்டுப் போனான். உள்ளே இருந்தது ஒரே ஒரு ஆட்டம், நீ வேலை பார்த்து, நாலு வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு அனுப்பியது.

இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் நீ போன் பண்ணி, அந்த ஆட்டத்தைச் செய்த பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் சேர்ந்து சின்னதாக ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறார்கள், உன்னையும் கூப்பிடுகிறார்கள், மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டாய். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல், இருக்கிற வேலையைப் பாரு, அந்த ஆட்டத்தைத்தான் ஊரே கழுவி ஊத்திச்சே என்றேன். உனக்கும் பிடிக்கலைதானேப்பா என்றாய். அதற்கு நான் சிரித்துத் தொலைத்தேன். அதிலிருந்து நீ போன் பண்ணினால் அம்மாவிடம் பேசுகிறாய், என்னிடம் கால் எப்படி இருக்கு என்று மட்டும் கேட்கிறாய், கட்டுக்குள்ளே இருக்கிற காலைப் பற்றி நானும் எத்தனை நாள்தான் புதிதாகச் சொல்வது. நான் சொன்னது தப்பு, ஏன் தப்பு என்று விவரமாகச் சொல்ல வேண்டும். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் எனக்குப் பொய்தான் சரளமாக வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தின் குறைகளைச் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. பறக்கிற சக்தி உள்ள ஒரு நல்லவன், விபத்தில் குழந்தையைப் பறிகொடுத்து, மனசு கெட்டுப்போய், ஊரையே மிதித்து ஆள்கிறான், அவனோடு ஒரு காலத்தில் சேர்ந்திருந்த மற்ற சக்திமான்கள் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் கறுப்பு உடை, எல்லாருக்கும் தொண்டை கட்டியிருக்கிறது. அந்தப் பெரியவனுக்கு நான் தொண்டைக்கட்டு என்றே பெயர் வைத்துவிட்டேன், யாராவது ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்திருந்தால் ஊர் தப்பித்திருக்கும். எப்பவும் மழை, ஒரு தெருவிளக்கும் எரிவதில்லை, உன் அம்மா முதல் நாள் டிவியில்தான் கோளாறு என்று வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். ஒரு பெண் குதிகால் உயர்ந்த செருப்போடு பன்னிரண்டாவது மாடியிலிருந்து குதித்து நேராக நிற்கிறாள், நான் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருந்து விழுந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருக்கிறேன். ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவில் அது யோசித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் ஊன்றுகோலோடு பாத்ரூம் போய் வந்துவிடலாம், கோளாறில் எனக்கு உபயோகப்பட்ட ஒரே கோளாறு அது. அப்போது ஆட்டத்தைத் திட்டி எழுதினவர்கள் எழுதியதில் தப்பில்லை என்றுதான் இரண்டு நாள் எனக்கும் தோன்றியது.

மூன்றாம் நாள் மத்தியானம் மூன்றாவது சண்டைக்குப் போனேன். ஏதோ ஒரு பெரிய கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்துமிடம், இரண்டு பக்கமும் வரிசையாக வண்டிகள். எதிராளியைத் தூக்கி ஒரு நீலக் காரின் மேல் எறிந்தேன். எறிந்துவிட்டு, கையில் இருந்த கேம் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கதவு நசுங்கிய விதம் இருக்கிறதே, படங்களில் காட்டுகிற மாதிரி காகிதம் கசங்குவதுபோல் இல்லை. தகடு உள்ளே போய், பாதி தூரம் திரும்பி வந்து நின்றது. கதவின் நீளத்துக்கு ஓடுகிற மடிப்புக்கோடு மட்டும் திரும்பாமல் முறிந்து கிடந்தது. பெயிண்ட் குழியின் நடுவில் உதிரவில்லை, முறிந்த மடிப்பின் ஓரமாக உதிர்ந்தது. அது அப்படித்தான் உதிரும் என்று தகட்டைத் தட்டிப் பிழைக்கிறவனுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நான் ஒடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எதிராளி எழுந்து வந்து என் ஆளை அடித்தே முடித்துவிட்டான்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு வியாதி வந்தது. எந்தக் காரின் மேலும் யாரையும் எறிய மனசு வரவில்லை. எல்லாம் நல்ல வண்டிகள், ஒரு கீறல் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். எதிராளியை நைசாக நடுவுக்கு இழுத்து வந்து, தூணுக்குப் பக்கத்தில் வைத்து, பக்கத்து வண்டிக்குப் படாமல் அடிக்கப் பார்த்தேன், ஒன்பது தடவை தோற்றேன். சாயங்காலம் பட்டறைச் சாவியைக் கொடுக்க வந்த பெயிண்டர் மாமாவை உட்கார வைத்து அந்த நீலக் கதவைக் காட்டினேன். படத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் சண்டை, உள்ளே நடந்த சண்டையைவிடப் பெரிசு. தட்டி எடுத்தா அரை நாள் வேலை என்றேன் நான். மடிப்பு முறிஞ்சிருக்கு, கதவையே மாத்தணும், உனக்குக் கால்தான் போச்சா கண்ணும் போச்சாய்யா என்றான் அவன். காட்டுகிறேன் பார் என்று எழுந்து போய் டிவியில் மூக்கை வைத்துப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். என்னய்யா என்றேன். பெயிண்ட் உதிர்ந்த இடத்தில தகடு தெரியல, சாம்பல் கலர்ல பிரைமர் தெரியுது, அதுக்கு உள்ளதான் தகடு, இது நம்ம வாண்டு வேலை என்றான். அங்கே நூறு பேர் வேலை பார்த்தாங்க, நீ பாட்டுக்குச் சொல்லாதே என்றேன். வேற எவனுக்கு இது தெரியும், எவன் பார்க்கப் போறான்னு இதை வெச்சிருக்கு என்றான். சாவியைக் கொடுக்காமல் அவனே எடுத்துக்கொண்டு போய்விட்டான், அப்படி ஒரு நிலைமை. யாருடைய வேலையையும் புகழாத ஆள், என் வேலையை இன்று வரை பரவாயில்லை என்றதோடு சரி.

யார் செய்தது என்று ஆட்டம் முடிந்தால்தான் பெயர் போடுவார்கள் என்று உன் தம்பி சொன்னான். நான் இந்த ஜென்மத்தில் முடிக்க மாட்டேன் என்று தெரிந்து உன் அம்மா லைப்ரரி வேலைக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தாள். எது எதற்கு என்று ஒரு பட்டனும் தெரியாது, எல்லாவற்றையும் ஒன்றாக அமுக்கினாள், காராவது ஆளாவது என்று கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்தாள், ஏதோ சேர்ந்து கிடந்த பாக்கியைத் தீர்ப்பதுபோல் விளக்கு வைப்பதற்குள் தொண்டைக்கட்டின் ராஜ்ஜியத்தையே முடித்துவிட்டாள். முப்பத்துநாலு வருஷம் கூட இருந்தும் அவளுக்குள் இவ்வளவு கோபம் இருந்தது எனக்குத் தெரியாது, அன்றிலிருந்து தட்டு கழுவும் வேலையை நாற்காலியில் உட்கார்ந்தே நான் பார்த்துக்கொள்கிறேன். பிறகு பெயர்கள் ஓடின. முகத்துக்குப் பதினைந்து பேர், மழைக்கு மட்டும் ஆறு பேர், ஆறு பேர் சேர்ந்து அவ்வளவு மழையைப் பெய்ய வைத்திருக்கிறார்கள். வாகனச் சேதம் என்று ஒரு தலைப்பு வந்தது, அதற்குக் கீழே ஒரே ஒரு பெயர். உன் அம்மா அதை நிறுத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

இப்போது என் பொய்க்கு வருகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் நீ ஆட்டத்தை அனுப்பி ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணி, முழுசா ஆடினியாப்பா என்றாய். ஆடினேன், பிரமாதம் என்றேன். வாண்டு, நான் ஆடியது ஏழு நிமிஷம். முதல் சண்டையில் மொட்டை மாடியிலிருந்து நானாகவே தவறி விழுந்து செத்துப்போய் டிவியை அணைத்துவிட்டேன். மூணாவது சண்டை எப்படி இருந்துச்சு என்று நீ குறிப்பாகக் கேட்டாய். அதுவும் பிரமாதம் என்றேன். அதுல என்ன பிடிச்சுது என்றாய். அந்த ஆள் நல்லா அடிக்கிறான் என்றேன். சரிப்பா, சாப்பிட்டியா என்றாய். நீ எதற்காகக் காத்திருந்தாய் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பட்டறையில் கவிழ்த்துப் போட்ட டப்பாவின் மேல் உட்கார்ந்து, வீட்டுப்பாடம் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நீ வண்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். அப்பா அந்தக் கதவைப் பார்த்துவிட்டார், பார்த்தும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை என்று நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி இல்லை. அப்பா பார்க்கவே இல்லை. எது பெரிய குற்றம் என்று நீயே முடிவு செய்துகொள், இரண்டாவதை மட்டும்தான் நான் செய்தேன்.

அந்த ஆட்டத்தைப் பற்றி என் தொழில் பாஷையில் சொன்னால், பெயிண்ட் மோசம், உள்ளே சீட் மோசம், ஹாரன் காதைக் கிழிக்கிறது, ஆனால் சேசிஸ், அந்த அடிச்சட்டம், நேராக இருக்கிறது. நேராக இருக்கிற வண்டியை நான் கழித்துப் போட்டதில்லை. இப்போது தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் ஆடுகிறேன், தொண்டைக்கட்டும் பழகிவிட்டான், தன் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது பாவமாகத்தான் இருக்கிறது. புது வேலைக்குப் போ என்றோ போகாதே என்றோ நான் சொல்லப் போவதில்லை, அங்கே உன் வீட்டு நிலவரமும் அந்த இரண்டு பேரின் குணமும் உனக்குத்தான் தெரியும், நம்பிக்கையானவர்களா என்று நன்றாக விசாரித்துக்கொள். நான் அன்றைக்குச் சொன்னதை மட்டும் கணக்கில் எடுக்காதே. வண்டியைக் கண்ணால் பார்க்காமல் இவ்வளவு வேலை இருக்கும் என்று போனிலேயே சொல்கிறவனை நான் ஒருநாளும் மதித்ததில்லை.

ஒரே ஒரு தப்பு இருக்கிறது, சொல்லாமல் விட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. கதவு, பானெட், டிக்கி எல்லாம் நல்லா இருக்கிறது, உன் அம்மா சொன்ன முறைப்படி இதை முதலில் சொல்லிவிட்டேன். தப்பு பம்பரில். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிற வெள்ளைக் காரின் பம்பர் தகடு மாதிரி குழி விழுகிறது. இப்போதைய வண்டிகளில் அது பிளாஸ்டிக். இடித்தால் உள்ளே போய் டப்பென்று பழையபடி வந்து நிற்கும், பார்க்கிறவனுக்கு ஒன்றுமே ஆகாதது போல இருக்கும், உள்ளே கிளிப்புகள் எல்லாம் உடைந்திருக்கும், கொஞ்ச நாள் கழித்துத்தான் ஒரு பக்கம் தொங்கும். அடுத்த ஆட்டத்தில் அதைச் சரி பண்ணிவிடு. பட்டறைக்குப் பின்னால் நாலைந்து பழைய பம்பர் கிடக்கிறது, பெயிண்டர் மாமா சம்மட்டியோடு இப்போதே தயார், அடிக்க அடிக்க நான் வீடியோ எடுத்து அனுப்புகிறேன், எந்தப் பக்கமிருந்து எடுக்க வேண்டும், எவ்வளவு கிட்டத்தில் என்று மட்டும் எழுது.

உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல், தொட்ட வேலை கைக்கு வசப்பட்டு, சிரித்த முகமாக நூறு வருஷம் நீ இருக்க வேண்டும். அந்த இரண்டு பேருக்கும் எந்தப் பதிலானாலும் தேதி தவறாமல் சொல்லிவிடு, காத்திருக்க வைக்காதே.

உன் மேல் கொள்ளைப் பிரியத்துடன்,
ஏழு நிமிஷம் ஆடிய உன் அப்பா