காய்ந்திருந்த மூடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மாவுக்கும் எனக்கும் உடம்பில் குறை ஒன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை சமையலை நம்பி நீ இளைத்துவிட்டாய் என்றே அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போனில் நீ சொன்னதற்கு இதில் பதில் எழுதுகிறேன். எங்கள் வானிலை நிலையத்து மொட்டை மாடியில் இருக்கும் கருவியை நீ சின்ன வயதில் சோம்பேறிப் பெட்டி என்பாய், உட்கார்ந்த இடத்திலிருந்தே வானத்தைப் பார்க்கிறதாம். பலூன் விடாமலே மேலே எந்த உயரத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று அது சொல்லிவிடும். ஒரே குறை, மூடியில் பனித்துளி நின்றால் இல்லாத ஈரத்தையும் சேர்த்துச் சொல்லும். ஆகவே ஈரம் திடீரென்று ஏறினால் மாடிக்குப் போய் மூடியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அந்த அளவைச் சந்தேகம் என்று குறிக்க வேண்டும். முழங்கால் வலி வந்ததிலிருந்து நான் நாற்காலியிலிருந்தே குறித்துவந்தேன். எத்தனையோ நாள் அது சரியாகவும் இருந்தது, அதில் வந்த திமிர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையும் ஈரம் மளமளவென்று ஏறியது, பனிதான் என்று குறித்துவிட்டேன். சந்தேகம் என்று போட்டதை வைத்து யாரும் மழை எச்சரிக்கை விட மாட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து மனசு கேட்காமல் ஏறிப் போய்த் தொட்டேன். மூடி காய்ந்து கிடந்தது, வெயில் படாத மூலையும் காய்ந்து கிடந்தது, பனியே விழவில்லை. இறங்கி வந்து சந்தேகக் குறியை எடுத்தேன், மழை எச்சரிக்கையும் வெளியே போனது. அதற்குள் நம் டிரைவர் மாமா ஆபீஸ் வேனோடு மலையடிக்குக் கிளம்பிவிட்டார். தரைப்பாலத்தில் வெள்ளம் வேனோடு அவரை அடித்துக்கொண்டு போனது, இரண்டு நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது.

நாளை மறுநாள் விசாரணை. மூடி ஈரமாத்தான் இருந்துச்சு, அப்புறம் வெயில்ல காஞ்சிருச்சுன்னு சொல்லிடுங்க, யாரு பார்த்தா என்கிறார் எங்கள் அதிகாரி. நீயும் அதையேதான் சொன்னாய். பாசத்தில் சொன்னாய், எனக்குக் கோபமில்லை. ஆனால் நேற்றே நான் டிரைவர் மாமா வீட்டுக்குப் போய் அத்தையிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். மாடிக்கு எத்தனை படிண்ணே என்று மட்டும் கேட்டாள். பதினெட்டு என்றேன்.

அத்தைக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய். எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தையும் பேசாதே. என் ஆசிக்கு இனி என்ன மதிப்போ தெரியவில்லை, இருந்தாலும் நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா