காயப்போட்ட புத்தகங்கள்

கல்முனை,
25.02.1979

அன்பு மகன் மஜீட் அறிவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் தங்கச்சி சரீபாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம், குவைத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நவம்பர்ப் புயல் கொண்டுபோன குசினிக் கூரையை வாப்பா ஒருவழியாகப் போட்டு முடித்துவிட்டார், முன்பக்கம் மட்டும் இன்னும் தென்னோலைக் கிடுகுதான். அங்கே குளிர் என்று எழுதியிருந்தாய், தலையை மூடாமல் வேலைக்குப் போகாதே மகன், உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

பள்ளிக்கூடத்துப் புதினம் ஒன்றும் உனக்குச் சொல்ல இருக்கிறது. லைப்ரரி என் பொறுப்பில் இருப்பது உனக்குத் தெரியும், ஆனால் பேருக்குத்தான் லைப்ரரி. புத்தகம் தொலைந்தால் கல்விக் கந்தோர் அதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அதிபர் அபுல் ஹஸன் சேர் அலுமாரிகளைப் பூட்டியே வைத்திருந்தார். புயலில் ஓடு பறந்து அலுமாரிக்குள்ளும் தண்ணீர் போய்விட்டது, எல்லாவற்றையும் எரித்துவிடுவோம் என்றார் சேர். எனக்கு மனம் வரவில்லை. மழை விட்டு வெயில் எறித்ததும் முற்றத்தில் பாய்களை விரித்துப் புத்தகங்களைக் காயப்போட்டு, எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டு, தாள் ஒட்டாமல் ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் சத்தமே இல்லை. வீட்டுக்கு ஓடிவிட்டார்களோ என்று எட்டிப் பார்த்தால், புரட்டுகிற வேலையை விட்டுவிட்டு எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். சோதனைக்கு வராத ஒன்றை அந்தப் பிள்ளைகள் ஆசையாக வாசித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். மாவடிப்பள்ளியிலிருந்து வருகிற நஸீறா, பாடப் புத்தகத்தைத் திறந்தாலே கண் கலங்குகிறவள், மணி அடித்தும் எழும்பவில்லை. “இத ஊட்ட கொண்டு போகட்டா டீச்சர், உம்மாக்கு வாசிச்சுக் காட்டணும்” என்று கேட்டாள். புயலன்று சுவர் விழுந்து அவளுடைய கைக்குழந்தைத் தம்பி மௌத்தாகிவிட்டான், அதற்குப் பிறகு அந்தத் தாய் வாய் திறந்து ஒரு சொல் பேசவில்லை. நான் சேரிடம் கேட்காமலே புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டொரு நாளில் அவளுடைய வாப்பா பக்கீர் முகைதீன் வயல் சேற்றோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றார். பொம்பிளைப் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் என்னத்துக்கு என்று சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். சேரும் அப்படித்தான் நினைத்தார், அந்த மனிதருக்கு முன்னாலேயே ஏன் கொடுத்தீர்கள் என்று என்னைக் கேட்கத் தொடங்கிவிட்டார். பக்கீர் முகைதீன் இடையில் புகுந்து, “டீச்சர ஏசாதீங்க சேர். மஃரிப் தொழுகைக்குப் பொறகு புள்ள வாசிச்சிட்டு இருந்து கதைய நிப்பாட்டினதும், எங்கட ஊட்டுப் பொம்புள பொறகென்ன நடந்த எண்டு கேட்டா. ரெண்டு மாசமா அந்த வாயால ஒரு சொல்லு வரல்ல” என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “இன்னொரு புத்தகம் வேணுமாம், புள்ள மௌத்தாகாத கதையாப் பாத்துத் தரட்டாம்” என்றார்.

சேர் அலுமாரிச் சாவியை எடுத்து என் கையில் தந்தார். என்னைப் பார்த்து, “ஆருக்கு வேணுமோ அவங்க கொண்டு போகட்டும், கந்தோரால கேட்டா புயல்ல போயிட்டு எண்டு நான் சொல்லிக்கிறன்” என்றார். இப்போது வியாழக்கிழமை ஆனால் பிள்ளைகள் அலுமாரியடியில் முண்டியடிக்கிறார்கள். நஸீறா வீட்டுக்குப் போகிற கதைகளை மட்டும் நான் முதலில் முழுக்க வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, சோறு குழைந்து போகிறது என்று வாப்பா பகிடி பண்ணுகிறார்.

போன கிழமை அந்தத் தாய் தானே வந்தார். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், “இனி எந்தக் கதையெண்டாலும் தாங்க டீச்சர், நான் கேட்டுக்குவன்” என்றார்.

மகன், உன் கடிதத்தை நாலு வரியில் முடிக்காதே, யாரோடு தங்கியிருக்கிறாய், என்ன சமைக்கிறாய் என்று விரித்து எழுது. நேரத்துக்குத் தொழு, நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல மனிதர்களின் துணையையும் தருவானாக.

உன்மேல் உயிரான உம்மா,
ஹாஜறா