மேஜை பழகும்வரை

பிப்ரவரி 3

என் அருமை எழுத்தாளினிக்கு,

அண்ணி எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியோடு தினமும் சண்டை போடுகிறது.

உன் அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நேற்றுதான் அவர் அறையைத் திறந்தேன். மேஜைமேல், மேஜைக்கடியில், அலமாரியில், எங்கே பார்த்தாலும் பழைய ரேடியோக்கள். "இதெல்லாம் குப்பை இல்ல, பொறுமையா பாத்தா எல்லாம் பாடும்" என்பார். அவர் பொறுமையாகத்தான் பார்த்தார். அவைதான் பாடவில்லை. இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன். போட்டுவிட்டு அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த அறை இனி உனக்கு. அடுத்த மாதம் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாய். அந்த ஒற்றை அறையில், கீழே மோட்டார் பட்டறை சத்தத்தில் எழுத வரவில்லை என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறாய். இங்கே வந்துவிடு. நீ எழுது, நான் சமைக்கிறேன். இரண்டு பேருக்குச் சமைப்பது மறந்துபோவதற்குள் வா.

உன் அண்ணி

*

பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

ரேடியோக்கள் போனதற்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இரண்டை வைத்துக்கொண்டதே எனக்குப் போதும்.

நீங்கள் கல்யாணமாகி வந்த வருஷம் நினைவிருக்கிறதா? நான் பத்தாம் வகுப்பு. அந்தப் பழைய வாடகை வீட்டில் ஒரே ஒரு மேஜை. நான் அதில் என் முதல் கதையை எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கும் மேஜை வேண்டும், அண்ணனுக்கும் வேண்டும். நீங்கள் வாசற்படியில் கீரை ஆய்ந்தபடி உட்கார்ந்துகொண்டு, "அவ படிக்கிறா, அப்புறம் வாங்க" என்று மாமனாரையே திருப்பி அனுப்பினீர்கள். அதுவும் புது மருமகள்! அந்தக் கதை பத்திரிகையில் வந்தபோது என்னைவிட நீங்கள்தான் அதிகம் துள்ளினீர்கள். நாத்தனார் என்றாலே கொடுமை என்பார்கள். நமக்கு அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

ஆனால் எழுதும் அறை என்றால் சும்மா இல்லை அண்ணி. வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் கை நிழல் தாளில் விழும். நாற்காலி முதுகைத் தாங்க வேண்டும், தூங்க வைக்கக் கூடாது. ஜன்னலில் கொஞ்சம் தெரியலாம், நிறையத் தெரிந்தால் வேடிக்கைதான் பார்ப்பேன். எல்லாம் சரியானதும் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 2

எழுத்தாளினிக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கோபித்துக்கொள்ளாதே, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கீழ்வீட்டுத் தையல்காரர் ஒரு பக்கம் பிடிக்க, மேஜையைத் திருப்பிப் போட்டாயிற்று. உன் அண்ணனுடைய நாற்காலி சரிப்படாது, உட்கார்ந்தவுடன் கொட்டாவி வருகிறது. சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். ஜன்னலின் கீழ்ப்பாதிக்குத் திரை தைத்தாயிற்று. இப்போது எதிர்மாடியின் துணிக்கொடி மட்டும்தான் தெரியும்.

நிழல் விழுகிறதா என்று பார்க்க நானே உட்கார்ந்து எழுதினேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. உப்பு, சோப்பு, தீப்பெட்டி என்று எழுதினேன். நிழல் விழவில்லை. எப்போது வருகிறாய்?

அண்ணி

*

மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

ஓய்வு பெற்றுவிட்டேன். மாலை போட்டு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். இனிமேல் நேரம் பார்த்து நான் எங்கே ஓடப்போகிறேன்?

அவசரம் வேண்டாம். மேஜை இடம் மாறியிருக்கிறது, பழக வேண்டும். புதுச் செருப்பு மாதிரிதான். தினமும் ஒரே நேரத்தில் யாராவது உட்கார்ந்து எழுதினால்தான் ஓர் இடம் எழுத்துக்குப் பழகும். தாளும் பேனாவும் முதல்நாளே எடுத்து வைத்திருக்க வேண்டும், தேட ஆரம்பித்தால் போச்சு. ஒன்றும் தோன்றாவிட்டாலும் நடுவில் எழக் கூடாது. முடிக்கும்போது ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழ வேண்டும், அப்போதுதான் மறுநாள் கை தானாக ஓடும். எனக்காக ஒரு மாதம் இப்படிச் செய்யுங்கள். பிறகு பார்ப்போம்.

உங்கள் நாத்தனார்

*

ஏப்ரல் 25

எழுத்தாளினிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். தினம் காலை ஆறு மணி. முதலில் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் உன் அண்ணன் எனக்கு வாங்கித் தந்த முதல் குடை நினைவுக்கு வந்தது. பொத்தானை அழுத்தினால் படக்கென்று விரியும், மூட மட்டும் மூடாது. சினிமாக் கொட்டகையில் இருட்டில் அது விரிந்துகொண்டது. "இதோ சரி பண்ணிடறேன்" என்று அவர் படம் முடியும்வரை அதோடு மல்லுக்கட்ட, பின்வரிசைக்காரர்கள் எங்களைத் திட்டித் தீர்த்தார்கள். எழுத எழுதத் தனியாகச் சிரித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நடுவில் எழக் கூடாதென்று சொல்லியிருந்தாயே, எழவில்லை.

இப்போது அவர் வேலைக்குப் போன முதல் நாளை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போனார் என்பதில் நேற்று நின்றுவிட்டேன். உனக்கு நினைவிருந்தால் எழுது.

அண்ணி

*

மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

குடையைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். சட்டை நீலக் கோடு போட்டது. காலர் கிழிந்ததை நீங்கள்தான் திருப்பித் தைத்தீர்கள்.

இந்த முறை கடிதத்தில் 'எப்போது வருகிறாய்' என்ற கேள்வியைக் காணோமே? நீங்கள் கேட்காவிட்டாலும் வருகிறேன். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், புத்தகங்களைக் கட்டிவிட்டேன். மாதக் கடைசியில் கிளம்புகிறேன். அறை தயாராக இருக்கட்டும்.

உங்கள் நாத்தனார்

*

மே 13

என் கண்ணே,

இதை எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். நீ வா. ஆனால் அந்த அறையை உனக்குத் தர முடியாது. அது எனக்கு வேண்டும்.

பிறந்த வீட்டில் தம்பிகளோடு படுத்தேன். புகுந்த வீட்டில் எல்லோருக்கும் நடுவில் இருந்தேன். உள்ளே இருந்து நான் சாத்திக்கொள்ள எனக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை. அது ஒரு குறை என்றுகூட இதுவரை எனக்குத் தெரியாது. இப்போது காலையில் அங்கே உட்கார்ந்தால் உன் அண்ணன் வருகிறார். வாய் ஓயாமல் பேசுகிறார். எழுந்து வெளியே வந்தால் போய்விடுகிறார்.

அறை இல்லையென்றால் நீ வராமல் இருந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. உன்னை வரவழைக்க அதைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது? இருந்தாலும் தரமாட்டேன். பேச்சு மாறினவள் என்று திட்டிக்கொள். நடு அறை இருக்கிறது, அதில் காற்று நன்றாக வரும். பதில் போடு.

அண்ணி

*

மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

கோபம்தான் வந்தது. நாள் முழுக்க மனசுக்குள் உங்களோடு சண்டை போட்டேன். சாயங்காலம் பட்டறையைச் சாத்திவிட்டுப் போனார்கள். சத்தமே இல்லை. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வரி வரவில்லை. கோபம் அதோடு போயிற்று.

வெளிச்சம், நாற்காலி, பழக்கம் என்று நான் சொன்னதெல்லாம் சாக்கு, அண்ணி. அண்ணன் இல்லாத வீட்டுக்குள் எப்படிக் காலெடுத்து வைப்பேன் என்று பயந்துதான் ஒவ்வொன்றாகச் சொல்லி நாளைத் தள்ளினேன். நீங்கள் என்னடாவென்றால் ஒன்று விடாமல் செய்து முடித்துவிட்டீர்கள்.

அறை உங்களுடையதுதான். நான் எழுத வரவில்லை, உங்களோடு இருக்க வருகிறேன். மாதக் கடைசி ஞாயிறு விடிகாலை ரயிலில் வந்து இறங்குகிறேன். வீட்டுக்கு வர ஆறரை ஆகிவிடும், அப்போது நீங்கள் எழுதிக்கொண்டிருப்பீர்கள். எழ வேண்டாம், சாவியைத் தையல்காரரிடம் கொடுத்து வையுங்கள்.

முடித்துவிட்டு வெளியே வந்ததும் எனக்குப் படித்துக் காட்டுங்கள். அன்றைக்கு அண்ணன் என்ன சொன்னார் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

உங்கள் நாத்தனார்