மேல் தண்ணீர், அடித் தண்ணீர்

4.2.1992

அன்புச் சின்னுவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமா? நானும் நலம்தான், ஆனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஏரி ஆய்வு நிலையத்துக்குக் கள உதவியாளர் எடுக்கிறார்கள். தேர்வு மே பத்தாம் தேதி. ஐம்பது வயது ஆகியிருக்கக் கூடாது. எனக்கு ஆகஸ்டில் ஆகிறது. இதை விட்டால் ஓய்வு பெறும்வரை இந்தத் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் பாட்டில் கழுவ வேண்டியதுதான்.

பாடம் சூழலியல். புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லும் ரயில் நீளம். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நீ அதில் பட்டம் வாங்கினவள் ஆயிற்றே, எனக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்பேன். உன் அப்பா, "பாட்டில் கழுவறவளுக்கு எதுக்குப் பரீட்சை? பேசாம இரேன்" என்கிறார். பேசாமல்தான் படிக்கிறேன்.

உன் அம்மா

20.2.1992

அம்மா,

அவர் கப்பலில் ஏறி மூன்று வாரம் ஆகிறது. டிசம்பரில்தான் வருவார். வீட்டில் நானும் கடிகாரமும்தான்.

சொல்லை முழுசாக விழுங்காதே, மூட்டு மூட்டாகக் கழற்று. 'வோர்' என்றால் தின்பது. முன்னால் 'ஹெர்பி' வந்தால் செடி, 'கார்னி' வந்தால் இறைச்சி, 'ஆம்னி' வந்தால் கிடைத்ததெல்லாம். 'ட்ரோஃப்' என்றால் ஊட்டம். 'ஆட்டோ' என்றால் தானே, 'ஹெட்டரோ' என்றால் பிறர். ஆக, தன் உணவைத் தானே செய்துகொள்ளும் செடி ஆட்டோட்ரோஃப். அடுத்தவர் ஆக்கியதைத் தின்பது ஹெட்டரோட்ரோஃப். 'ஈகாலஜி'யில் வரும் 'ஈகோ' என்றால் வீடு. இத்தனை படிப்பும் வீட்டைப் பற்றிய படிப்புதான், நீ ஏற்கெனவே பாதி தேறிவிட்டாய்.

இருபது சொல் தனித்தாளில் இருக்கிறது. வெட்டி ஒட்டிக்கொள். எனக்கும் ஒரு சமாச்சாரம் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு இதைப் படி, உனக்கும் பொழுது போக வேண்டாமா.

சின்னு

14.3.1992

சின்னு,

பொழுது போக்கவா படிக்கிறேன்? இரு, உன்னை வந்து கவனித்துக்கொள்கிறேன்.

வீடு முழுக்க ஒட்டிவிட்டேன். தொட்டிச் செடியில் ஆட்டோட்ரோஃப். உன் அப்பா நாற்காலியில் ஹெட்டரோட்ரோஃப். "இது மரியாதையான வார்த்தைதானே?" என்று கேட்டார். விஞ்ஞான வார்த்தை என்றேன். இரண்டு நாள் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு வந்தார். அதிலிருந்து காப்பித் தம்ளரைத் தானே கழுவுகிறார்.

ஏரி அடுக்குகள் பற்றிய கேள்விதான் பெரியது, அதில் தவறினால் தேற முடியாது என்று எங்கள் வேதியியலாளர் சொல்கிறார். அந்தச் சொற்களை அனுப்பு. புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டேன், உன் பட்டியலே போதும். தேறினால் பதினைந்து நாளில் சேர வேண்டும். ஏரிக்கரையிலேயே ஓர் அறை தருவார்கள். முதல் வருடம் இருபது நாளுக்குமேல் விடுப்பு கிடையாதாம். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? பேருந்தில் போகும்போதுகூடக் கால் தரையில் தங்கமாட்டேன் என்கிறது. உன் சமாச்சாரம் என்ன?

அம்மா

8.4.1992

அம்மா,

கேட்ட சொற்கள் இதோ. 'லிம்னி' என்றால் ஏரி. 'எபி' என்றால் கீழே. 'ஹைப்போ' என்றால் மேலே. எனவே எபிலிம்னியன் ஏரியின் அடித் தண்ணீர், ஹைப்போலிம்னியன் மேல் தண்ணீர். நன்றாக மனப்பாடம் செய்துகொள். வேலை அதிகம், வேறொன்றும் எழுத முடியவில்லை.

சின்னு

24.4.1992

அம்மா,

கடைசிப் பட்டியலை நம்பாதே. எபிதான் மேலே, ஹைப்போதான் கீழே. கை தவறவில்லை, தெரிந்தே மாற்றி எழுதினேன்.

எனக்கு இது நான்காம் மாதம். அக்டோபரில் பிரசவம். அவர் இருக்கமாட்டார். நீ எப்படியும் தேறமாட்டாய், அப்புறம் ஆறு மாதம் வந்து இரு என்று கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். இருபது நாள் என்று படித்ததும் பயந்துவிட்டேன். அந்தப் பட்டியலைத் தபாலில் போட்ட நிமிஷத்திலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன், உட்காருகிறேன், மறுபடி நடக்கிறேன். உன் ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மேலாளர் எடுத்தார், வைத்துவிட்டேன். அவரிடம் இதை எப்படிச் சொல்வது? இங்கிருந்து தபால் வர இரண்டு வாரமாவது ஆகிறது, தேர்வுக்கு முன்னால் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும். அது போதும் எனக்கு.

மன்னித்துக்கொள் என்று கேட்கவும் வாய் வரவில்லை.

சின்னு

18.6.1992

சின்னு,

உன் கடிதம் மே பன்னிரண்டாம் தேதி வந்தது. தேர்வு முடிந்து இரண்டு நாள். உடனே பதில் போட்டிருக்க வேண்டும், கோபத்தில் போடவில்லை.

அந்தக் கேள்வி வந்தது. சரியாகத்தான் எழுதினேன். ஆய்வகத்துக்கு வரும் ஏரித் தண்ணீர் பாட்டில்களில் எபி, ஹைப்போ என்று சீட்டு ஒட்டியிருக்கும். எபி பாட்டில் ஒரு குலுக்கில் சுத்தமாகிவிடும். ஹைப்போவில் கறுப்பு வண்டலும் அழுகிய முட்டை நாற்றமும் இருக்கும், மூன்று தரம் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். அந்தச் சேறு மேலே மிதந்துகொண்டா இருந்திருக்கும்? பட்டியலைப் படித்த அன்றே எனக்கு இடித்தது. ஆனால் நீ தப்பாக எழுதமாட்டாய் என்று நாலு நாள் என் மூக்கைச் சந்தேகப்பட்டேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

தேறிவிட்டேன். போன வாரம் சேர்ந்தேன். உன் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம்வரை வந்தார். "தம்ளர் கழுவக் கத்துக்கிட்டேன், சமையலையும் பாத்துக்கறேன்" என்றார். இப்போது படகிலிருந்து ஏரிக்குள் பாட்டிலை நானே இறக்குகிறேன்.

குழந்தை வரப்போகிறது என்று படித்தபோது என்னை அறியாமல் சிரித்தேன், அப்புறம் அழுதேன். நீ பிப்ரவரியிலேயே ஒரு வரி கேட்டிருந்தால் தேர்வே எழுதாமல் கிளம்பி வந்திருப்பேன். நீ கேட்காததே நல்லதாகப் போயிற்று என்று சில நேரம் நினைக்கிறேன். உன்னைத் தனியாக விட்டுவிட்டு இப்படி நினைக்க வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைக்கிறேன்.

இருபது நாளையும் அக்டோபருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்குமேல் என்னால் முடியாது. நேரத்துக்குச் சாப்பிடு, படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்.

இனிமேல் பட்டியல் அனுப்பாதே. கடிதம் போடு. உனக்கு என்ன வேண்டும் என்பதை முதல் வரியிலேயே எழுது.

அம்மா