ஓடப் போனவன், ஓடிப் போனவன்

வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்து தரச் சொன்னால், என் வீட்டுக்காரி அந்தச் சிவப்புக் கம்பளியையும் இழுத்துக் கீழே போட்டுவிட்டாள். ஷார்ஜாவிலிருந்து நான் கொண்டுவந்த கம்பளி. உதறினேன். நாலாக மடித்த தாள் ஒன்று விழுந்தது. பார்த்தால் கட்டிங் லிஸ்ட். அலுமினிய ஜன்னலுக்கு எந்த செக்‌ஷனை எத்தனை நீளத்தில் வெட்ட வேண்டும் என்று எழுதும் தாள். இங்கே புதுக்கோட்டையில் என் பட்டறையிலும் தினம் நாலு எழுதிக் கிழிக்கிறேன், அதனால் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகுதான் 'நீளம்' என்ற கட்டத்தைப் பார்த்தேன். எட்டு, எட்டு, பன்னிரண்டு, இருபத்துநாலு. எந்த ஊரில் இருபத்துநாலு மீட்டரில் ஜன்னல் வைக்கிறார்கள்? உன் கையெழுத்து. அது மீட்டர் இல்லை, கிலோமீட்டர்.

கம்பளியை அப்படியே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ செத்துப் பத்து மாதம் ஆகிறது. செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிற வழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனால் அந்தத் தாளை முழுசாகப் பிரித்துப் படித்த பிறகு எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

ஷார்ஜா கேம்ப்பில் நம் அறையில் எட்டுப் பேர். தரையில் பேப்பர் விரித்து, அதன்மேல் சட்டியை வைத்துச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அப்படி ஒருநாள் விரித்த இங்கிலீஷ் பேப்பரில்தான் அந்தப் படம் இருந்தது. ஜனவரியில் துபாயில் நடக்கும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். நீ சட்டியை நகர்த்தி, படத்தில் சிந்தியிருந்த சாம்பாரை விரலால் துடைத்தாய். "ஏ மக்கா, இதுல நம்ம மாதிரி ஆளு ஒருத்தனும் இல்ல, பாத்தியா" என்றாய். சாப்பாடு ஆறுதுடா, பேப்பரை விடு என்றேன். நீ அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். கிறுக்கு அங்கேதான் பிடித்தது.

ஏன் ஓடுகிறாய் என்று நூறு தடவை கேட்டிருப்பேன். ஒரு தடவைகூட ஒரே பதில் வந்ததில்லை. தொப்பை குறைய என்பாய், இல்லாத தொப்பையைத் தட்டிக் காட்டியபடி. இன்னொரு நாள், "சும்மாதாண்டே." ஒரே ஒரு நாள் மட்டும், வெட்டும் மெஷினைத் துடைத்துக்கொண்டே, "நாளு பூரா ஒரே எடத்துல நிக்கோம்லா. கால் ஓட்டத்த மறந்துராதா?" என்றாய். அது உண்மையா, அதுவும் சும்மாவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

டூட்டி ஏழு முதல் ஐந்து, அதற்குமேல் ஓ.டி. ஏழு வரை. இதற்கு நடுவில் எங்கே ஓடுவது? நீ அதையும் செக்‌ஷன் வெட்டுவதுபோல் துண்டுதுண்டாக வெட்டி எடுத்தாய். விடிகாலை மூன்றரைக்கு எழுந்து எட்டு கிலோமீட்டர், பாத்ரூமில் வரிசை நிற்பதற்குள் திரும்பிவிடுவாய். செவ்வாய்க்கிழமை மட்டும் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏற மாட்டாய். டிஃபன் கேரியரை என் மடியில் வைத்துவிட்டுத் தொழில்பேட்டையிலிருந்து கேம்ப்புக்கு ஓடுவாய். ஷார்ஜா டிராஃபிக் பற்றிச் சொல்ல வேண்டுமா? அரை மணி நேரம் பஸ் அசையாமல் நிற்கும். பக்கத்து மண்ணில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே நீ புகுந்து போவாய். "அந்தா போறான்டா" என்று பஸ்ஸே கத்தும். டிரைவருக்கு ரோஷம் வந்து ஹாரனை அமுக்குவார். நாங்கள் போய்ச் சேரும்போது பாத்ரூம் வாசலில் என் வாளி முதலாவதாக நிற்கும். அதைப் பார்த்தால் எனக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே, அடடா, ஓடியவனே நான்தான் என்பதுபோல் இருக்கும்.

இந்தத் தாளை மெஷின் பக்கத்தில் ஒட்டிவைத்து மாட்டிக்கொண்டாயே, ஞாபகம் இருக்கிறதா? ஃபோர்மேன் அதைப் படித்துவிட்டு, "யே பத்தீஸ் மீட்டர் கிஸ்கா ஹை?" என்று குதித்தார். முப்பத்திரண்டு மீட்டர் ஆர்டர் யாருடையது என்று. நீ கூச்சமே இல்லாமல், "மேரா, பாய். தௌட்னே கா" என்றாய். என்னுடையதுதான் பாய், ஓடுவதற்கு. பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த 'தௌட்னா' என் காதில் விழுந்ததா இல்லையா என்பதுதான் இத்தனை வருடமாக என்னைக் குடைகிறது.

வெள்ளிக்கிழமைதான் லீவு, வெள்ளிக்கிழமைதான் உன் நீண்ட ஓட்டம். முந்தின நாள் சீக்கிரம் தூங்க வேண்டும். அதனால் நமக்குள் ஒரு ஏற்பாடு: வியாழக்கிழமை உன் ஓ.டி.யை நான் பார்ப்பேன், சனிக்கிழமை என் மெஸ் முறைக்கு நீ சமைப்பாய். நீ சமைத்தால் மீன். அதில் தேங்காயை அரைத்து ஊற்றிவிடுவாய். எங்கள் பக்கம் மீன் குழம்பில் தேங்காய் சேர்க்க மாட்டோம் என்று தலையில் அடித்துக்கொள்வேன். "தேங்கா இல்லாத்தது ஒரு மீன்கறியாடே?" என்பாயே தவிர, ஒரு வாரமாவது விட்டுக்கொடுத்தாயா? நாகர்கோவில்காரனுக்கு அதில் மட்டும் அப்படி ஒரு பிடிவாதம்.

அந்த வியாழக்கிழமை எனக்கு முடியாது என்றேன். என் வீட்டுக்காரி நிறைமாதம். ஆறரைக்குப் பக்கத்து வீட்டு போனுக்கு அழைக்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

"அவ வந்து போன் பக்கத்துல உக்காந்திருப்பா மாப்ள. இன்னிக்கி என்னை விட்ரு."

"இந்த ஒரு வாரம் மட்டும் மக்கா. முப்பத்திரெண்டு. இத ஓடிட்டா பெறவு கொறச்சுக்கிட்டே வாறதுதான், கேட்டியா. நாளைக்கு நாளு பூரா கெடக்குல்லா, பேசிக்கோ."

"ஒனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குடா."

நீ கோபப்பட்டிருந்தால் சரியாகப் போயிருக்கும். சிரித்தாய். நான் முறைத்துக்கொண்டே போய் உன் ஓ.டி.யைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது நீ தூங்கிவிட்டிருந்தாய். விடிகாலையில் அலாரம் சத்தம்கூடக் கேட்கவில்லை. கடிகாரத்தைத் துண்டில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாய், நான் எழுந்துவிடக் கூடாதென்று. அதை ஞாயிற்றுக்கிழமை உன் படுக்கையைக் கிளறும்போதுதான் பார்த்தேன். தலையணைக்கு அடியில் கடிகாரத்தோடு உன் பத்தாக்காவும் கிடந்தது. லேபர் கார்டு. வேர்வையில் நனைந்துவிடும் என்று நீ அதை எடுத்துப் போவதே இல்லை.

வெள்ளி சாயங்காலம் வரை நீ வரவில்லை. அஜ்மானில் உன் ஊர்க்காரர்கள் அறையில் தங்கிவிட்டிருப்பாய் என்று நினைத்தேன். கோபத்தில் இருந்தேன், தேடவில்லை. சனி காலை பட்டறையில் டைம்கீப்பர், பெஷாவர் பக்கத்து மனிதர், நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "தேரா தோஸ்த் கிதர் ஹை?" என்றார். உன் கூட்டாளி எங்கே என்று.

"பாக் கயா, பாய்" என்றேன்.

ஃபோர்மேன் நாள் முழுக்க "பாகோ, பாகோ" என்று நம்மை விரட்டுவார். அதனால் பாக் என்றால் ஓட்டம் என்றுதான் எனக்குத் தெரியும். தமிழில் கேட்டிருந்தால் 'ஓடப் போனான்' என்றிருப்பேன். 'ஓடிப் போனான்' என்று வாய் தவறியும் வந்திருக்காது. ஒரே ஓர் எழுத்துதானே வித்தியாசம். ஆனால் இந்தியில் என் கையிலிருந்தது ஒரே வார்த்தை, அது இரண்டாவது அர்த்தத்துக்கு உரிய வார்த்தை. வேலையை விட்டு, விசா கொடுத்த முதலாளியை, கஃபீலை, ஏமாற்றிவிட்டு ஓடிப் போகிறவனுக்குச் சொல்கிறது. வரிசையில் நின்ற இரண்டு பேர் கைதட்டி, "பாக் கயா! சபாஷ்!" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குப் புரிந்துவிட்டது. இல்லை, புரிந்ததா? ஏதோ தப்பு என்று தெரிந்தது. 'நஹி' என்ற வார்த்தைகூடத் தெரியாதவனா நான்? போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் முகம் கண்ணில் வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மெஷினை ஓட்டப் போய்விட்டேன். அது மொழி தெரியாத தப்பா, உன்மேல் இருந்த எரிச்சலா? சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே தெரியாது.

ஞாயிறு மதியம் ஆபீசிலிருந்து நீ ஓடிவிட்டதாக அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் போலீசிலிருந்து போன். உம்முல்குவைன் ரோட்டில் வெள்ளிக்கிழமை விடியும் நேரத்தில், பனியனோடு, பத்தாக்கா இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒருவனைப் பிடித்து வைத்திருக்கிறோம், உங்கள் ஆளா என்று. விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ.விடம் உன் கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அப்போது மட்டும் அந்த வார்த்தை வந்தது பார். "தௌட், சார், தௌட்!" என்று நின்ற இடத்திலேயே ஓடிக்கூடக் காட்டினேன். அவர் இரண்டு கையையும் உதறி, "கலாஸ்" என்றார், முடிந்தது என்று. பேப்பர் போய்விட்டதாம்.

மூன்று வாரம் உள்ளே வைத்திருந்து, அங்கிருந்தே ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் உன்னைப் பார்க்கவே இல்லை. யாரோ கொடுத்த பேன்ட்டும் உன் ஓடுகிற ஷூவுமாகத் திருவனந்தபுரத்தில் இறங்கினாய் என்று கேள்விப்பட்டேன். உன் பெட்டியை ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். மெஷினிலிருந்து கிழித்த இந்தத் தாளை மட்டும் ஏன் வைத்துக்கொண்டேன்? அதுவும் தெரியவில்லை.

எட்டு வருடம் கழித்து நான் ஊரோடு வந்து பட்டறை போட்ட பிறகுதான் உன் நம்பர் கிடைத்தது. உன் குரல் மாறவே இல்லை. இப்பவும் ஓடுறியா என்றேன். "எங்க? முட்டு போயிட்டுடே" என்றாய். நான் ஆரம்பித்தேன்.

"மாப்ள, அன்னிக்கி டைம்கீப்பர்கிட்ட நான்தான்…"

"எனக்குத் தெரியும்டே" என்றாய் நீ. "நீ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. அன்னைக்கு நான் ரோட்டுல பள்ளிவாசல் வந்ததும் திரும்பி வரணும். திரும்பல. கால் அதுபாட்டுக்குப் போயிட்டே இருந்து. போயிருவோம்னுதான் நெனச்சேன், கேட்டியா."

"எங்கடா போக?"

"அது தெரிஞ்சா போயிருக்க மாட்டேனா?" என்று சிரித்தாய்.

அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன், வெட்கமில்லாமல். அப்படியானால் நான் சொன்னது பொய் இல்லை. நீயே ஓடிப் போகத்தான் பார்த்திருக்கிறாய். உன் மச்சினன் போன் செய்து, நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று சொன்ன நாளிலும், அழுகைக்கு நடுவே அந்த நிம்மதியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இந்தத் தாள். எல்லா வரியும் பேனாவில் இருக்கிறது. 'வெள்ளி, 32, உம்முல்குவைன் ரோடு பள்ளிவாசல், திரும்பு.' அதற்கு அடுத்த வரி மட்டும் அலுமினியத்தில் கோடு போடும் பென்சிலில் இருக்கிறது. சண்டைக்குப் பிறகு, நான் உன் ஓ.டி.யைப் பார்க்க வந்து நிற்பதற்குள், நீ மெஷினை விட்டுக் கிளம்பும்போது எழுதியிருக்க வேண்டும். மடிப்பில் பாதி அழிந்திருக்கிறது, விளக்கில் பிடித்துப் படித்தேன்.

'சனி, ஓட்டம் இல்ல. மெஸ். மீன். தேங்கா வேண்டாம்.'

தேங்காய் வேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனவனா ஓடிப் போகிறவன்? அப்படியானால் போனில் நீ சொன்னது என்ன? நான் தூங்க வேண்டும் என்பதற்காகச் சொன்னதா? இல்லை, வியாழக்கிழமை எழுதிவிட்டு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலைத் தாண்டும்போது நிஜமாகவே உன் கால் கேட்கவில்லையா? இரண்டும் நீயாகத்தான் தெரிகிறது. எதை நம்பினாலும் இன்னொன்று வந்து சட்டையைப் பிடிக்கிறது.

என் பட்டறையில் இப்போது பீகார்க்காரர் ஒருவர் வேலை செய்கிறார். நேற்று அவரிடம், ஓடப் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு தடவை திருப்பிச் சொன்னேன். தௌட்னே கயா ஹை, ஆ ஜாயேகா. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம், மக்கா. இன்றைக்குக் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதும், பக்கத்தில் யாரும் இல்லை, சத்தமாகச் சொன்னேன்.