ஆற்றுக்கு அந்தப் பக்கம் போன கோப்பி

அம்பிட்டிய,
3.6.1996

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

கர்த்தர் காத்ததில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால்தான் மழைக்கு முணுமுணுக்கிறது. மெல்பர்னில் குளிர் தொடங்கியிருக்குமே, நீயும் மருமகனும் காதை மூடிக்கொண்டு போங்கள்.

நம் சர்ச் மண்டபத்துச் சனிக்கிழமைக் கோப்பிக் கடையில் உடுக்கடித்து நாட்டுப்பாட்டுப் பாடுகிற லெட்சுமணன் மாமாவை மறந்திருக்க மாட்டாய். அம்மன் கோயில் பக்தர், ஆனாலும் நம் மண்டபத்தில் பாட வந்து இந்த மே கடைசிச் சனியோடு இருபத்தைந்து வருஷம். அவர் முதன்முதல் பாடின நாளின் தேதி, ஒவ்வொரு சனியும் யார் வந்தார் என்று நான் எழுதி வைக்கிற கொப்பியில் இருந்தது, அதைக் கொண்டுபோய்ப் புதுப் போதகர் திருச்செல்வம் ஐயாவிடம் காட்டினது நான்தான். அவர் பொன்னாடை, கேக், அழைப்பு அட்டை எல்லாம் ஏற்பாடு செய்தார், கடைசி வரை மாமாவுக்குச் சொல்லாமல் வைப்போம் என்றதும் நான்தான். வியாழக்கிழமை அட்டையோடு குண்டசாலைக்குப் போனால் மனுஷன் மஞ்சள் வேட்டியோடு, கையில் மஞ்சள் கயிறோடு நிற்கிறார். "காப்பு கட்டியாச்சு ரஞ்சிதக்கா, திருவிழா முடியிற வரைக்கும் ஆத்தைத் தாண்டக் கூடாது. வருஷா வருஷம் வராததுதானே, உங்க கொப்பியிலயே இருக்குமே" என்கிறார். வீட்டுக்கு வந்து புரட்டினால், அவர் காப்புக் கட்டத் தொடங்கின வருஷத்திலிருந்து ஒவ்வொரு மே மாதமும் என் கையெழுத்திலேயே "லெட்சுமணன் வரவில்லை" என்று கிடக்கிறது, எனக்கு வந்த வெட்கத்தை என்ன சொல்ல.

போதகருக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தனை வருஷம் பாடின இடத்துக்கு ஒரு நாள் விட்டுக்குடுக்க ஏலாதோ, அப்ப இனி வரவே வேண்டாம்" என்றார். நான் அடுப்படியில் முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டுத் திரும்பப் போய், பிழை என்னுடையது ஐயா, அம்மனுக்கு நேர்ந்ததை மீறி வருகிற மனுஷன் நாளைக்கு நமக்கும் வாக்குத் தவற மாட்டாரா என்று கேட்டேன். போதகர் அழைப்பு அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஆறு அவருக்குத்தானே தடை, எங்களுக்கு இல்லையே. நான் வாறன், கோப்பிக் கேத்தலை நீங்கள்தான் தூக்கவேணும்" என்றார்.

சனிக்கிழமை ஒரு வான் வண்டி நிறைய ஆட்களாகப் பாலம் தாண்டிப் போனோம். கோயிலுக்கு வெளியே, ஆற்றோர வெளியில் வைத்துப் போதகர் பொன்னாடை போர்த்த, மாமா குழந்தை மாதிரி அழுதுவிட்டார். விரதம் என்பதால் கோப்பியை மோந்து மட்டும் பார்த்து, "இன்னிக்கும் சீனி கூடத்தான் அக்கா" என்று என்னை வாரினார். பிறகு தேயிலைக் கொழுந்துப் பாட்டுப் பாடினார், போதகர் தாளம் தப்பித் தப்பிக் கை தட்டினார். முந்தாநாள் மாமா காப்பை அவிழ்த்துவிட்டு மண்டபத்துக்கு வந்து இரண்டு கோப்பை குடித்தார், சீனி கூட என்று சொல்லிக்கொண்டேதான்.

டிசம்பரில் வருவதாக எழுதியிருக்கிறாய். டிக்கெட் எடுக்க முன் மருமகன் வீட்டாரிடம் அந்த நாட்கள் தோதா என்று ஒரு வார்த்தை கேள், அம்மா தேதி குறித்துவிட்டாள் என்று மட்டும் சொல்லாதே. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உனக்காக ஜெபிக்கும் அம்மா,
இரஞ்சிதம்