ஆயிரத்து நூற்று நாற்பது பதில்கள்

அன்புள்ள என் டீச்சருக்கு,

நானும் குட்டியும் இங்கே சுகம். உன் சுகத்தை உன் அக்கா தினமும் காலையில் எண்ணாக எழுதி அனுப்புகிறாள். இன்று வெள்ளை அணு நேற்றைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். அதைப் படித்த சந்தோஷத்தில், நானே சரிசெய்த லிஃப்ட்டை விட்டுவிட்டு ஆறு மாடியும் படியில் ஏறிப் போனேன். காவலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வாய்ப்புண் ஆறும்வரை நீ பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால்தான் இந்தக் கடிதம். அக்கா படித்துக் காட்டட்டும். தன் ரத்தத்தையே உனக்குக் கொடுத்தவள், இரண்டு பக்கம் படிக்கமாட்டாளா? (அக்கா, வெட்கப்படும்படி ஏதாவது வந்தால் தாண்டிவிடாதீர்கள். சத்தமாகவே படியுங்கள்.)

போன கடிதத்தில் உன் வெப்சைட் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தேன். அது பொய். இப்போது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, அதனால் சொல்லத் தைரியம் வந்திருக்கிறது. முழுவதையும் கேட்டுக்கொள். வாய் ஆறியபிறகு திட்டு.

நீ அங்கே போன இரண்டாவது வாரம் ஓர் அம்மா போன் செய்தார். பிள்ளையின் காதுக் கருவி மழையில் நனைந்துவிட்டதாம். என்ன செய்வது என்று உன் பக்கத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறதாம். "தப்பான இடத்துக்கு வந்துட்டேனோன்னு பயந்துட்டேங்க" என்றார். நானும் திறந்து பார்த்தேன். குட்டிக்குக் காது கேட்காது என்று தெரிந்த வருடம் நீ தொடங்கியது. அவளுக்கு அப்போது மூன்று வயது. இந்தப் பன்னிரண்டு வருடமாக, அவளைப் போன்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்டதற்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதினாயே, அந்தப் பக்கத்தின் தலையில் சீட்டுக்கட்டு சுழன்றுகொண்டிருந்தது. போதாததற்கு சர்வர் கம்பெனியிலிருந்து ஒரு மெயில். உங்கள் வெப்சைட்டை ஓட்டுகிற மென்பொருள் மிகவும் பழையது, மாத முடிவுக்குள் புதியதற்கு மாற்றாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று.

எனக்கு லிஃப்ட்டை விட்டால் என்ன தெரியும்? நான் பராமரிக்கும் ஒரு கட்டடத்தில் வெப்சைட் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஒருமுறை லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவளை நான்தான் வெளியே எடுத்தேன். அவளிடம் போய் நின்றேன். அந்தச் சனிக்கிழமையே வந்துவிட்டாள். குட்டி அவளுக்குச் சுருட்டைமுடி என்று பேர் வைத்துவிட்டாள். நம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து உள்ளே பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பன்னிரண்டு வருஷமா இதை ஒரு தடவைகூட அப்டேட் பண்ணலையா?" என்று கேட்டாள். நான் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. "அவளுக்குப் பதில் எழுதவே நேரம் பத்தலம்மா" என்றேன்.

பழையதிலிருந்து ஒரே தாவலாகப் புதியதற்குப் போக முடியாதாம். நடுவில் இரண்டு பதிப்புகளில் கால் வைத்துத்தான் ஏற வேண்டுமாம். முதலில் முழுவதையும் ஒரு நகல் எடுத்துப் பத்திரப்படுத்துவேன், வேறொரு இடத்தில் செய்து பார்ப்பேன், சரியாக வந்தால்தான் அசலில் கை வைப்பேன் என்றாள். கேட்டதுமே எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. லிஃப்ட் கூண்டுக்கு முட்டுக் கொடுக்காமல் நானும் கம்பிவடத்தைத் தொடமாட்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை புதிய பக்கம் திறந்தது. முகப்பு பளிச்சென்று இருந்தது. குட்டி முதல் கேள்வியை அழுத்தினாள். வந்ததெல்லாம் கேள்விக்குறி. வரிக்கு வரி, பக்கத்துக்குப் பக்கம் கேள்விக்குறி. தமிழில் ஓர் எழுத்துகூட இல்லை. ஆயிரத்து நூற்று நாற்பது பதில்கள், டீச்சர். சுருட்டைமுடி எண்ணிச் சொல்லித்தான் எனக்கு அந்தக் கணக்கே தெரியும்.

நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். ஒரு வெப்சைட்தானே, போனால் போகட்டும் என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன். அது கேட்கவில்லை. நீ எழுதியதெல்லாம் ஒரே நாளில் இப்படி இல்லாமல் போகுமென்றால், அப்புறம்... வேண்டாம், அந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை.

கொஞ்ச நேரத்தில் குட்டி வந்து தோளைத் தொட்டாள். "எழுத்து எங்கயும் போகலையாம்பா. படிக்கிற விதம்தான் தப்பாம். உள்ள வாங்க" என்றாள். பழைய மென்பொருள் எழுத்துகளை ஒரு முறையில் சேர்த்து வைத்திருந்ததாம், புதியது வேறு முறையில் படித்ததாம். அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், என் தப்புதான் சார் என்று அந்தப் பெண் வருத்தப்பட்டாள். பத்திரப்படுத்திய நகலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினாள்.

ஞாயிறு மத்தியானம் முதல் பதில் வந்தது. "பயப்படாதீர்கள்" என்று தொடங்கியது. அடுத்ததைத் திறந்தேன், அதிலும் "பயப்படாதீர்கள்". நீ எல்லாப் பதிலையும் அப்படித்தான் தொடங்குவாய் என்பது இத்தனை வருடம் கழித்து அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நீ எழுதும்போதெல்லாம் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். ஒன்றையும் படித்ததில்லை. இப்போது மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் படிக்கிறேன். இருநூற்றுப் பத்தாவதில் இருக்கிறேன்.

முப்பத்தொரு பதில்கள் மட்டும் பாதியில் அறுந்து நின்றன. விளம்பரத்தை நுழைத்தவர்கள் முன்னமே கெடுத்துவிட்டார்களாம், நகலிலும் இல்லை. யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள் என்று குட்டி ஓர் அறிவிப்புப் போட்டாள். நான் நம்பவில்லை. ஆனால் வந்தது. ஓர் அம்மா உன் பதிலை அச்செடுத்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறார். போட்டோவில் பக்கத்திலேயே பிள்ளையின் சட்டைகள் தொங்குகின்றன. ஒரு லாரி ஓட்டுநர் நோட்டில் கைப்பட எழுதி வைத்திருந்தாராம். போனில் அவர் படிக்கப் படிக்கக் குட்டி தட்டச்சு செய்தாள். சத்தம் சரியாகக் கேட்காத இடத்தில் அவளுக்காக மறுபடி மறுபடி பொறுமையாகப் படித்தார். இருபத்தொன்பது கிடைத்துவிட்டன. மீதி இரண்டை நீதான் திரும்ப எழுத வேண்டும்.

டீச்சர் எங்கே, ஏன் பதிலே காணோம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். வெளியூர் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மற்றபடி வீட்டில் குறையில்லை. குட்டி பரீட்சைக்குப் படிக்கிறாள். என் சமையலை நானே புகழ ஆரம்பித்தால் காதுக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுகிறாள். கருவியைப் பார்த்துப் பள்ளியில் சிரிப்பார்களா என்று ஒரு பையன் கேட்டிருந்தான். அதற்குப் பதில் எழுதியிருக்கிறாள்: "சிரிப்பாங்க. ஒரு வாரம். அப்புறம் அவங்களுக்கே போரடிச்சிடும்." அம்மா பார்க்காமல் வெளியிடமாட்டேன் என்கிறாள். நான் பார்த்தால் போதாதாம்.

கடைசியாக ஒன்று. புதிய முறையில் பக்கத்துக்கு உரிமையாளர் என்று ஒருவரைக் குறிக்க வேண்டுமாம். "அவங்களுக்கு உடம்பு முடியலைன்னீங்களே சார், இப்போதைக்கு உங்க பேரைப் போடட்டுமா?" என்று சுருட்டைமுடி தயங்கித் தயங்கிக் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உரிமையாளராகச் சேரச் சொல்லி உன் மெயிலுக்கு அழைப்பு அனுப்பியாகிவிட்டது. முப்பது நாள் செல்லுமாம். தாண்டிப்போனால் இன்னொன்று, அதுவும் தாண்டினால் மற்றொன்று. எத்தனை முறை ஆனாலும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவளும் சரி என்றிருக்கிறாள்.

அதனால் அவசரமே இல்லை. நன்றாகத் தூங்கு. அக்கா கொடுப்பதை முகம் சுளிக்காமல் சாப்பிடு. ஆனால் அந்த அழைப்பை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு திறந்துவிடாதே, சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வா. உன் நாற்காலியில் உட்கார்ந்து திற. நாங்கள் இரண்டு பேரும் உனக்கு இரண்டு பக்கமும் நிற்போம்.

உன்,
லிஃப்ட்காரன்